கல்பாக்கத்துத் தலைக்கவசம்

கல்பாக்கம் என்றால் அணு உலை. செங்கல்பட்டு மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மாமல்லபுரத்தைத் தாண்டிப் புதுச்சேரி பஸ்ஸில் போகிறவர்கள் கடல் பக்கம் கையைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதைத்தான். ஆனால் அந்த வளாகத்துக்குள், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், அடிப்பக்கம் மனிதத் தலையின் அளவுக்குக் குழித்துச் செய்த ஒரு குளிர்கலனும் இருக்கிறது. குழிக்குள் தலையை வைத்தால், உயிரோடு இயங்கும் மூளையிலிருந்து கசியும் காந்தப்புலத்தை அது அளக்கும். மண்டை ஓட்டைத் திறக்க வேண்டாம், ஊசி வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம். இந்த வகைக் கருவிக்கு எம்.இ.ஜி. என்று பெயர். உலை கட்டுகிறவர்கள் இதை ஏன் செய்தார்கள் என்பதுதான் இதன் பிறந்த கதை. அதில் மருத்துவர்கள் கடைசியில்தான் வருகிறார்கள்.

முதலில் அளக்க வேண்டிய பொருளைப் பார்த்துவிடலாம். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும்போது அவற்றுக்குள் மின்னோட்டம் ஓடுகிறது. மின்னோட்டம் ஓடும் இடத்தைச் சுற்றிக் காந்தப்புலம் இருந்தே தீரும். ஒரு நரம்பணுவின் புலம் தலைக்கு வெளியே எந்தக் கருவிக்கும் எட்டாது. மூளைப் புறணியில் அக்கம்பக்கமாக ஒரே திசை பார்த்து நிற்கும் சில பத்தாயிரம் அணுக்கள் ஒரே நேரத்தில் இயங்கினால், தலைக்கு வெளியே ஏறத்தாழ 100 ஃபெம்டோ டெஸ்லா தேறும். தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. அதாவது, திசைகாட்டி முள்ளைத் திருப்பும் புலத்தில் ஏறக்குறைய 40 கோடியில் ஒரு பங்கு. இதயத்தின் புலம் இதைவிட நூறு மடங்குக்கு மேல் பெரியது. அதுவே அளக்க மிகச் சிரமமானது.

இவ்வளவு கஷ்டப்பட்டுக் காந்தத்தை ஏன் பிடிக்க வேண்டும்? ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924லேயே மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்துவிட்டார். ஐந்து ஆண்டுகள் தயங்கி 1929ல்தான் வெளியிட்டார். அதுதான் இ.இ.ஜி. இன்றும் வலிப்பு நோய்க்கு முதலில் எடுப்பது அதைத்தான். ஆனால் மண்டை ஓடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மூளையில் ஓரிடத்தில் எழும் மின்னழுத்தம் ஓட்டைக் கடந்து வெளியே வருவதற்குள் பரவிக் கலங்கிவிடும். எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தைத் துல்லியமாகக் காட்டும். 1990ல் செய்ஜி ஒகாவா வழிகாட்டிய செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. மூளை வேலை செய்யும் இடத்தையும் காட்டும். ஆனால் அது பார்ப்பது ரத்தத்திலுள்ள ஆக்சிஜனின் மாற்றத்தை. நரம்பு மில்லி விநாடிகளில் முடித்த வேலைக்கு ரத்தம் நாலைந்து விநாடி கழித்துத்தான் உச்சத்தை எட்டும். காந்தப்புலத்துக்கு இந்த இரண்டு குறையும் இல்லை. எலும்பும் தோலும் அதைக் கலைப்பதில்லை, தாமதமும் கிடையாது. சிக்கல் அதன் மெலிவு மட்டும்தான்.

அந்த மெலிவைப் பிடிக்கக் குளிர் வேண்டும். சாதாரணக் குளிர் போதாது, திரவ ஹீலியத்தின் குளிர் வேண்டும்: மைனஸ் 269 டிகிரி செல்சியஸ். ஹீலியத்தின் கதையில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க, அப்போதைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் வானியலாளர்கள் முகாமிட்டார்கள். குண்டூரில் பிரான்சின் ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானோக்கு நிலையத்தின் போக்சன். சூரிய விளிம்பின் நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்துடையது அல்ல, இதுவரை அறியாத ஒரு தனிமத்துடையது என்ற முடிவுக்குப் பிறகு இங்கிலாந்தின் லாக்கியர் வந்தார். 1895ல் ராம்சே அந்தத் தனிமத்தைப் பூமியிலேயே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து பிரித்தார். 1908 ஜூலை 10 அன்று, நெதர்லாந்தின் லைடனில் காமர்லிங் ஒன்னஸ் அதைக் குளிர்வித்துத் திரவமாக்கினார். கிடைத்தது ஒரு சிறு கோப்பை அளவு. அதற்கான ஹீலியத்தை அவர் மோனசைட் மணலைச் சூடாக்கி எடுத்தார். மணல் வந்தது அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து. மோனசைட்டில் உள்ள தோரியம் சிதையும்போது வெளிப்படும் ஆல்ஃபா துகள்களே மணலுக்குள் ஹீலியமாகச் சிறைப்பட்டிருக்கின்றன. கல்பாக்கம் கடற்கரை மணலிலும் மோனசைட் திட்டுத்திட்டாக உண்டு. இங்கே இயற்கைக் கதிர்வீச்சு கொஞ்சம் கூடுதலாக இருப்பதற்கு, உலை வருவதற்கு முன்பிருந்தே அதுதான் காரணம். பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டித் துணி வாங்கிப்போன டச்சுக்காரர்கள் இந்த மணலை மிதித்துத்தான் நடந்திருப்பார்கள். அவர்கள் நாட்டுக்காரருக்குப் பிற்பாடு மணல் தேவைப்பட்டபோது அது வேறு கரையிலிருந்து போனது.

1911ல் ஒன்னஸின் ஆய்வகத்திலேயே, பாதரசத்தை அந்தக் குளிரில் வைத்தபோது அதன் மின்தடை காணாமல் போனது. மீக்கடத்தல் அப்படித்தான் கண்ணில் பட்டது. அதிலிருந்து அளவுகோல் பிறக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1962ல் கேம்பிரிட்ஜில் பிரையன் ஜோசப்சன் என்ற 22 வயது மாணவர், இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மிக மெல்லிய காப்புப் படலம் இருந்தாலும் மின்னழுத்தமே இல்லாமல் மின்னோட்டம் அதைக் கடந்து போகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். மீக்கடத்தலுக்கே கோட்பாடு கண்ட பார்டீன் அதை ஏற்கவில்லை. மறு ஆண்டே பெல் ஆய்வகத்தில் ஆண்டர்சனும் ரோவலும் சோதித்துக் காட்டினார்கள். மாணவர் சொன்னதே சரி. 1973ல் அவருக்கு நோபல்.

அடுத்த அடி எடுத்து வைத்தது ஒரு கார் கம்பெனி. 1964ல் ஃபோர்டின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜாக்லெவிக், லாம்ப், சில்வர், மெர்சரோ என்ற நால்வர் ஒரு மீக்கடத்தி வளையத்தில் இரண்டு ஜோசப்சன் இணைப்புகளை வைத்தார்கள். வளையத்துக்குள் நுழையும் காந்தப் பாயம் மாற மாற, வளையத்தின் மின்னழுத்தம் ஏறி இறங்கியது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் பாயத்தின் மாறாத ஒரு சிறு அலகு கணக்கு. அந்த அலகு இயற்கை வகுத்தது, எந்த நாட்டில் அளந்தாலும் ஒன்றுதான். மின்னணுச் சுற்றைக் கொண்டு அந்த அலகின் மிகச் சிறிய பின்னத்தையும் படிக்கலாம். இதற்குத்தான் ஸ்குவிட் என்று பெயர். கார் விற்கும் கம்பெனிக்கு இதனால் ஒரு காசு வந்ததாகத் தெரியவில்லை.

ஸ்குவிட்டுக்குக் காத்திராமலே சிலர் உடம்பின் காந்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1963ல் அமெரிக்காவின் சிரக்யூஸில் பாலியும் மக்ஃபீயும், லட்சக்கணக்கான சுற்றுக் கம்பி சுற்றிய சுருள்களை மின்கம்பிகளின் தொந்தரவு இல்லாத திறந்த வெளியில் வைத்து, இதயத்தின் புலத்தை முதன்முதலாகப் பதிவுசெய்தார்கள். 1968ல் டேவிட் கோஹன் பத்து லட்சம் சுற்றுச் செப்புச் சுருளொன்றைக் கவச அறைக்குள் வைத்து மூளையின் ஆல்ஃபா அலையைத் தேடினார். இரைச்சலே மிகுதி. கூடவே எடுத்த இ.இ.ஜி.யைத் துணைக்கு வைத்துப் பலமுறை கூட்டிச் சராசரி எடுத்தபிறகுதான் அலை தென்பட்டது. கோஹன் விடவில்லை. எம்.ஐ.டி.யில் அதைவிடக் கெட்டியான கவச அறை ஒன்றைக் கட்டினார். ஃபோர்டில் ஸ்குவிட் வேலை செய்த ஜிம் சிம்மர்மன் தன் கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார். 1969ன் கடைசி நாளில், சிம்மர்மனே அரை நிர்வாணமாக அறைக்குள் நின்று தன் இதயத்தை அளக்கக் கொடுத்தார். பதிவு இ.சி.ஜி.க்கு ஈடாகத் தெளிவாக வந்தது. 1972ல் அதே முறையில் மூளையின் ஆல்ஃபா அலையைச் சராசரி எடுக்காமல் நேரடியாகப் பார்க்க முடிந்தது.

இதை ஒற்றை உணரியிலிருந்து தலை முழுவதையும் மூடும் கருவியாக வளர்த்த இடங்களில் முக்கியமானது பின்லாந்து. அங்கேயும் தொடங்கியது மருத்துவமனை இல்லை. ஹெல்சிங்கிக்கு அருகே ஓலி லௌனஸ்மா நிறுவிய தாழ்வெப்ப ஆய்வகம் அது. குளிருக்குப் பேர்போனவர்கள். 1992ல் அவர்கள் 122 உணரிகள் கொண்ட முழுத்தலைக் கருவியைச் செய்தார்கள். அந்தக் கிளையிலிருந்து வந்த 306 உணரிக் கருவிகளே இன்று உலகின் பல மருத்துவமனைகளில் இருக்கின்றன, பெங்களூரு நிம்ஹான்ஸ் உட்பட. மூளையை அளக்கும் கலை குளிரையும் அமைதியையும் கையாளத் தெரிந்தவர்களிடம்தான் வளர்ந்தது. மூளையைப் பற்றிய அறிவு பிறகு வந்து சேர்ந்துகொண்டது. கல்பாக்கத்தின் கதை இதற்கு விதிவிலக்கு இல்லை.

கல்பாக்கத்தில் 1971ல் தொடங்கியது உலை ஆராய்ச்சி மையம். 1985 அக்டோபரில் அங்கே சோதனை வேக ஈனுலை இயங்கத் தொடங்கியது. அந்த டிசம்பரில் மையத்துக்கு இந்திரா காந்தியின் பெயர் வைத்தார்கள். வேக ஈனுலையில் வெப்பத்தைச் சுமந்து போவது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். கல்பாக்கத்தில் கட்டிய பெரிய முன்மாதிரி ஈனுலையில் அது உலையை விட்டு 550 டிகிரிக்குப் பக்கத்தில் வெளியேறும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டைப் பல்லாண்டு தாங்கவேண்டிய பாத்திரமும் குழாயும் 316 எல்.என். வகைத் துருப்பிடிக்காத எஃகு. அதற்குக் காந்தத்தன்மை கிடையாது. ஆனால் வெல்டிங் வைக்கும் இடத்தில் விரிசல் விழாமலிருக்க, டெல்டா ஃபெரைட் என்ற காந்தத்தன்மையுள்ள பாகம் சில சதவீதம் இருக்கும்படி வேண்டுமென்றே செய்கிறார்கள். சூட்டில் ஆண்டுக்கணக்காக இருந்தால் அந்த ஃபெரைட் மெல்ல மெல்ல வேறு பாகங்களாக மாறும். அவற்றில் சில நொறுங்கும் தன்மையுள்ளவை, காந்தத்தன்மை இல்லாதவை. அப்படியானால் வெல்டின் காந்தத்தன்மை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால், அதற்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று எஃகை வெட்டாமலே சொல்லலாம். அளக்க வேண்டியது மிகச் சிறிய மாற்றம். கையில் ஸ்குவிட் இருந்தால் முடியும்.

உலை எஃகின் நோயைக் கண்டுபிடிக்கும் கருவியும் மூளையின் நோயைக் கண்டுபிடிக்கும் கருவியும் ஒரே வளையத்தில் பிறந்தவை. இதை யாராவது கதையாக எழுதியிருந்தால் மிகையாகத் தோன்றியிருக்கும்.

அங்கே தாழ்வெப்ப இயற்பியலுக்கு அடித்தளம் இருந்தது. பொருளறிவியல் ஆய்வகத்தை ஆரம்ப நாட்களில் கட்டியெழுப்பிய ஜி. வெங்கட்ராமன், பிற்பாடு பொது வாசகர்களுக்காக இயற்பியல் நூல்கள் பல எழுதியவர். உலைக்கு உடனடிப் பயன் தராத ஆராய்ச்சிக்கும் அங்கே இடம் இருந்தது என்பதற்கு அவரே சாட்சி. 1986ல் உயர்வெப்ப மீக்கடத்திகள் கண்டுபிடிக்கப்பட்டபின் நாடெங்கும் மீக்கடத்தி ஆராய்ச்சிக்குப் பணமும் உற்சாகமும் கூடின. கல்பாக்கத்தில் டி.எஸ். ராதாகிருஷ்ணன், எம்.பி. ஜனவாட்கர், ஆர். பாஸ்கரன், கே. கிரீசன், ஆர். நாகேந்திரன் முதலானோர் அடங்கிய குழு, ஸ்குவிட்டை வெளிநாட்டிலிருந்து வாங்காமல் தாமே செய்வது என்று இறங்கியது. கணினிச் சில்லு செய்வதைப் போன்ற வேலை அது. தூசி புகாத அறையில் நியோபியப் படலம், அதன்மேல் ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனில் அலுமினிய ஆக்சைடு, மறுபடி நியோபியம். நடுவிலுள்ள ஆக்சைடில் ஓர் ஓட்டை விழுந்தால் இணைப்பு வீண். கொஞ்சம் தடித்தாலும் வீண். கடலோர ஈரக்காற்றும் அக்னி நட்சத்திர வெயிலும் உள்ள ஊரில் அந்த அறையின் காற்றைக் காப்பாற்றுவதே தனி வேலை. 1999ல் கரண்ட் சயின்ஸ் இதழில் இந்தக் குழு எழுதிய கட்டுரையில், தாமே செய்த ஸ்குவிட்டுகளையும் அவற்றைக்கொண்டு கட்டிய கருவிகளையும் விவரித்தார்கள். எஃகை அளந்தது அந்தக் காலம்தான்.

உடம்புக்கு வந்தது அடுத்து. இங்கே ஸ்குவிட் மட்டும் போதாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் ஒவ்வொரு பஸ்ஸும், ஒவ்வொரு லிஃப்டும், சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்கம்பியும் மூளையின் புலத்தைவிடப் பல லட்சம் மடங்கு பெரிய இரைச்சலை எழுப்பும். எனவே கவச அறை. சுவர் முழுக்க மியூமெட்டல் என்ற நிக்கல்-இரும்புக் கலவையும் அலுமினியமும் அடுக்கடுக்காக. மெதுவாக மாறும் புலத்தை மியூமெட்டல் தன்வழியே இழுத்துக்கொள்ளும், வேகமாக மாறுவதை அலுமினியம் தடுக்கும். அறைக்குள் நுழைகிற மிச்ச இரைச்சலுக்கு இன்னொரு தந்திரம். ஸ்குவிட்டுக்குப் புலத்தைக் கொண்டுவரும் மீக்கடத்திச் சுருள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் சுற்றிவிடுகிறார்கள். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடையை வைத்ததுபோல, தூரத்திலிருந்து வரும் புலம் இரண்டு சுருளிலும் சமமாக விழுந்து கழிந்துவிடும். பக்கத்திலிருக்கும் இதயமோ மூளையோ கீழ்ச் சுருளில் மட்டும் கூடுதலாக விழும். மிஞ்சுவது அதுதான்.

அளக்கப் படுக்கிறவர்களிடம் ஆராய்ச்சியாளர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: உடம்பில் உலோகம் எதுவும் இருக்கிறதா? கைக்கடிகாரம், பெல்ட்டு, செல்போன் என்று எல்லாரும் யோசித்துச் சொல்லிவிடுவார்கள். மறந்துபோவது புடவையில் குத்திய ஊக்கு, ஜாக்கெட்டின் ஹூக்கு, கொண்டை ஊசி, அரைஞாண்கொடி. ஒரு சின்ன இரும்பு ஊக்கு மூச்சுக்கு மூச்சு அசைந்தால் போதும், இதயமும் மூளையும் அதன் பின்னால் மறைந்துபோகும்.

முதலில் இதயம். அதன் புலம் பெரியது என்பதால் அதில் பழகிக்கொள்வது புத்திசாலித்தனம். ஒரு சில உணரிகளில் தொடங்கி 37 உணரிகள் வரை கொண்ட இதயக் கருவி வந்தது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்களோடு சேர்ந்து நோயாளிகளின் பதிவுகளையும் ஆராய்ந்தார்கள். 2010ல் கரண்ட் சயின்ஸில் மறுபடி ஒரு கட்டுரை, இம்முறை உடலின் காந்தத்தைப் பற்றி. ஜனவாட்கர், ராதாகிருஷ்ணன், கிரீசனோடு சி. பராசக்தி, எஸ். செங்கோட்டுவேல் போன்ற அடுத்த தலைமுறைப் பெயர்களும் அதில் இருந்தன.

பிறகு மூளை. தலையைச் சுற்றிக் கவிந்திருக்கும் 86 உணரிகள், எல்லாமே திரவ ஹீலியத்துக்குள். ஹீலியத்துக்கும் தலைமுடிக்கும் நடுவே சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான் இடைவெளி. ஒரு பக்கம் மைனஸ் 269, மறுபக்கம் மனித உடம்பின் 37. நடுவே வெற்றிடமும் கண்ணாடியிழைச் சுவரும். இந்த வகைக் கருவி எதுவாக இருந்தாலும் புதிதாகக் கட்டியவர்கள் முதலில் தேடுவது, பெர்கரும் கோஹனும் தேடிய அதே ஆல்ஃபா அலையைத்தான். கண்ணை மூடச் சொன்னால் பின்மண்டையில் விநாடிக்குப் பத்து முறையளவில் எழும், கண்ணைத் திறந்தால் அடங்கும். அடுத்த சோதனை காது. சின்ன ஒலி ஒன்றைக் கேட்கச் செய்தால், ஏறத்தாழ 100 மில்லி விநாடியில் செவிப்புறணியின் புலம் உச்சத்துக்கு வரும்.

இதை மூளையின் புகைப்படம் என்று சொல்லிவிடக் கூடாது. விளம்பரங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு அது எரிச்சல். வெளியே அளந்த புலத்திலிருந்து உள்ளே ஓடும் மின்னோட்டம் இன்னதுதான் என்று ஒரே விடையாகச் சொல்ல முடியாது என்பதை 1853லேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டிவிட்டார். ஒரே வெளிப்புலத்தைத் தரக்கூடிய உள்ளோட்டங்கள் எண்ணற்றவை. அதனால் எம்.இ.ஜி. தருவது ஊகம். நல்ல ஊகம், எம்.ஆர்.ஐ. படத்தையும் மூளை மடிப்பின் வடிவத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட ஊகம். வலிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அறுவைச் சிகிச்சைக்கு முன் குறித்துத் தரும் அளவுக்கு அது பல நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. மடிப்புகளின் பக்கச் சுவரில் இருக்கும் அணுக்களை அது நன்றாகப் பிடிக்கும், மடிப்பின் உச்சியில் நேராக வெளிநோக்கி நிற்பவற்றைச் சரியாகப் பிடிக்காது. இ.இ.ஜி.க்கு அந்தக் குறை இல்லை. அதனால் நல்ல ஆய்வகங்கள் இரண்டையும் சேர்த்தே எடுக்கின்றன.

86 உணரிக் கருவியை 306 உணரிக் கருவியோடு நிறுத்தி எடை போடுவது எளிது. நிம்ஹான்ஸ் வாங்கியது வெளிநாட்டுக் கருவியைத்தான், கல்பாக்கத்துக் கருவி ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறது. இதைத் தோல்வி என்று எழுதினால் அநியாயம். நியோபிய இணைப்பு, ஹீலியக் கலன், இரைச்சல் கழிக்கும் சுருள், மின்னணுச் சுற்று, கணக்கு என்று ஒவ்வொரு கண்ணியையும் தாமே செய்து பார்த்தவர்கள் உலகிலேயே சில இடங்களில்தான் இருக்கிறார்கள். ஆனால் கருவியின் பயன் ஆஸ்பத்திரியில்தான் தெரியும். உலை வளாகத்தின் பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டி ஒரு வலிப்பு நோயாளியை அன்றாடம் உள்ளே அழைத்துப்போவது நடக்கிற காரியமில்லை. கருவி வேலியைத் தாண்டி வெளியே வந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கம் ஹீலியம். கலனிலிருந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், மறுபடி மறுபடி நிரப்ப வேண்டும். இந்தியா ஹீலியத்துக்கு ஏறக்குறைய முழுவதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. குண்டூரில் கிரகணம் பார்த்ததற்கு உரிமைத்தொகை எதுவும் கிடைக்காது. இதற்கு மாற்றும் வந்துவிட்டது. 2018ல் நாட்டிங்ஹாமும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் சேர்ந்து, தலையில் மாட்டிக்கொண்டு அசையக்கூடிய எம்.இ.ஜி.யை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அதில் ஸ்குவிட் இல்லை. சிறு கண்ணாடிக் குப்பிக்குள் ருபீடியம் ஆவி, அதில் லேசர் ஒளி. ஆவி வழியே போகும் ஒளி எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து புலத்தைப் படிக்கிறார்கள். குளிரே வேண்டாம் என்பதால் உணரி தோலுக்குச் சில மில்லிமீட்டர் அருகில் வரும், குழந்தைகளின் சிறிய தலைக்கும் பொருந்தும். ஒன்னஸ் தொடங்கிய குளிர்ப் பரம்பரைக்கு மூளை அளவியலில் இனி எவ்வளவு நாள் என்று கேட்க வேண்டியதாகிவிட்டது.

கவச அறையை மட்டும் புதிய கருவியும் விடவில்லை. சொல்லப்போனால் அது ஸ்குவிட்டைவிடக் கண்டிப்பு: அறைக்குள் மிஞ்சியிருக்கும் பூமியின் புலத்தையும் கூடுதல் சுருள்கள் வைத்துப் பூஜ்யத்துக்கு அருகில் கொண்டுவந்தால்தான் ருபீடியம் வேலை செய்யும். அந்த வேலையில் பழகிய கைகள் இந்தியாவில் அதிகம் இல்லை. கல்பாக்கத்தில் இருக்கின்றன.